சாமுவேல் பேக்கர்: நுவரெலியாவின் பியரும் கிழக்கின் துப்பாக்கியும்

இலங்கையில் இன்று விற்பனையாகும் லயன் பியரின் கதையை யார் சொன்னாலும் 1849ஆம் ஆண்டிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அந்த ஆண்டில் நுவரெலியாவின் குளிரில் சாமுவேல் வைட் பேக்கர் என்ற ஆங்கிலேயர் தனக்கும் தன் வெள்ளைக்கார அயலவர்களுக்குமாகச் சிறிய அளவில் பியர் காய்ச்சத் தொடங்கினார் என்பது அந்தக் கதையின் முதல் வரி. அதற்கு மேல் அவரைப் பற்றி அதிகம் சொல்லப்படுவதில்லை. ஹோர்ட்டன் சமவெளியில் அவர் பெயரில் ஒரு நீர்வீழ்ச்சி இருக்கிறது. ஆபிரிக்காவில் அவர் பெயர் வைத்த ஏரி இருக்கிறது. ஆங்கில நூல்களில் அவர் ஒரு வீரர், நாடுகாண் பயணி, அடிமை வணிகத்தை எதிர்த்தவர்.

என் ஊர் கோமாரி. வடக்கே திருக்கோவில், தெற்கே பொத்துவில், கிழக்கே கடல், மேற்கே காடு. பேக்கர் யானை சுட்டுத் திரிந்த நிலம் எங்கள் ஊருக்குப் பின்னால் உள்ள அந்தக் காட்டின் தொடர்ச்சிதான். அவர் பெயரோடு தன் வரலாற்றைத் தொடங்கும் பியர், எங்கள் ஊருக்குத் தெற்கே அறுகம்குடாவில் வெளிநாட்டவர்களின் மேசைகளில் குளிர்ந்து நிற்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் வாழ்ந்த மனிதரை எங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படித் தெரிவார் என்று அறியவே அவருடைய வாழ்க்கையை வாசித்தேன். 1990இல் ஊரைவிட்டு ஓடி, 2004இல் கடலுக்கும் உறவுகளைக் கொடுத்த சனங்களிடம் இருந்து பார்க்கும்போது, அவருடைய வாழ்க்கையில் சில பக்கங்கள் மிகவும் பழக்கமானவையாக இருந்தன.

சீனியில் சேர்ந்த பணம்

பேக்கர் 1821 ஜூன் 8ஆம் திகதி லண்டனில் பிறந்தார். தந்தையின் பெயரும் சாமுவேல் பேக்கர்தான். யமேக்காவிலும் மொரீஷியஸிலும் கரும்புத் தோட்டங்கள் வைத்திருந்த பெரிய வணிகர். அந்தச் சீனி அடிமைகளின் உழைப்பில் வந்தது. பிரித்தானியப் பேரரசு 1833இல் சட்டம் இயற்றி அடிமை முறையை ஒழித்தபோது, இழப்பீடாக ஒதுக்கிய 2 கோடி பவுணை அடிமைகளின் உடைமையாளர்களுக்கே கொடுத்தது. உழைத்தவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. மொரீஷியஸின் தோட்டங்களில் அடிமைகளுக்குப் பதிலாக இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் இறக்கப்பட்டார்கள். அவர்களில் தமிழர்களும் இருந்தார்கள்.

பேக்கர் இங்கிலாந்திலும் பின்னர் ஜேர்மனியின் பிராங்க்பேர்ட்டிலும் படித்தார். 1843இல் குளொஸ்டர்ஷயரைச் சேர்ந்த பாதிரியார் ஒருவரின் மகள் ஹென்ரியெட்டாவை மணந்தார். மறு ஆண்டே குடும்பத் தோட்டத்தைக் கவனிக்க மொரீஷியஸுக்குப் போனார். இரண்டு ஆண்டுகளில் அது அவருக்குச் சலித்துவிட்டது. இலங்கையின் யானை வேட்டை பற்றிக் கேள்விப்பட்டு, துப்பாக்கிகளோடு 1846இல் இங்கே வந்து இறங்கினார். அப்போது அவருக்கு 25 வயது.

வெறுமையாக இருந்த நிலம் எப்படி வெறுமையானது?

அந்தக் காலத்தில் யானையைக் கொல்வது குற்றம் அல்ல. பயிரை அழிக்கும் விலங்கு என்று அரசாங்கமே அதைக் கொல்பவர்களுக்குப் பணம் கொடுத்தது. பேக்கருக்குச் சற்று முன்னர் மேஜர் ரொஜர்ஸ் என்ற அதிகாரி 1,400க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றார் என்று சொல்லப்படுகிறது. பேக்கரும் அந்த வரிசையில் சேர்ந்தார்.

அவருக்கு மிகவும் பிடித்த வேட்டை நிலம், ஊவாவின் கிழக்குச் சரிவிலிருந்து மட்டக்களப்புப் பக்கத்துத் தாழ்நிலம் வரை பரந்து கிடந்த புல்வெளியும் மரத் தோப்பும் கலந்த பிரதேசம். ஆங்கிலேயர்கள் அதைப் பூங்கா நாடு என்று அழைத்தார்கள். இங்கிலாந்துப் பிரபுக்களின் மாளிகைகளைச் சுற்றியிருக்கும் பூங்காக்கள் போல அது அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது. இன்றைய நில்கல, அம்பாறை மேற்குப் பகுதிகள் எல்லாம் அதில் அடங்கும். யானைகளைத் தோல் கயிற்றுச் சுருக்குப் போட்டு உயிரோடு பிடிக்கும் சோனகர்களின் துணிச்சலையும் அவர் வியந்து எழுதியிருக்கிறார். வேறு பல இடங்களில் இந்த நாட்டுச் சனங்களைப் பற்றி அவர் எழுதியவை வாசிக்கச் சகிக்காதவை.

கைவிடப்பட்ட குளங்களையும் புல் மூடிய பழைய வயல்களையும் பார்த்து, ஒருகாலத்தில் இங்கே பெருந்தொகையான மக்கள் வாழ்ந்திருக்க வேண்டும் என்று பேக்கர் யோசித்தார். பழைய நீர்ப்பாசனத்தைப் புகழ்ந்தார், அதைத் திருத்தாத அரசாங்கத்தைக் குறை சொன்னார். ஆனால் அந்த வெறுமை முழுவதும் பழைய காலத்தில் நேர்ந்தது அல்ல. அவர் வருவதற்கு 28 ஆண்டுகளுக்கு முன்னர், 1818இல், ஊவா வெல்லஸ்ஸ மக்கள் பிரித்தானியருக்கு எதிராக எழுந்தார்கள். அதை அடக்க வந்த படை கிராமங்களை எரித்தது, நெல்லை அழித்தது, மாடுகளைக் கொன்றது, குளங்களை உடைத்தது. பூங்கா நாட்டின் மேற்குப் பகுதி அதே வெல்லஸ்ஸதான். ஒரு நிலம் அழகாக, அமைதியாக, ஆளில்லாமல் இருக்கிறதென்றால் அங்கிருந்த ஆட்கள் எங்கே என்று கேட்க வேண்டும். இதை எங்களுக்கு யாரும் கற்றுத்தரத் தேவையில்லை. வன்னியிலும் மூதூரிலும் சம்பூரிலும் எங்கள் பக்கத்துக் காட்டோரக் கிராமங்களிலும் நாங்கள் அதைப் பார்த்திருக்கிறோம்.

கப்பலில் வந்த கிராமம்

வேட்டையில் பேக்கருக்குக் காட்டுக் காய்ச்சல் பிடித்தது. இன்று நாங்கள் மலேரியா என்று சொல்வது அதைத்தான். உடம்பைத் தேற்ற நுவரெலியாவுக்குப் போனார். கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே உள்ள அந்த இடத்தின் குளிர் அவரை இரண்டு வாரங்களில் எழுப்பி நிறுத்தியது. அப்போது அங்கே சில வீடுகளும் படையினர் ஓய்வெடுக்கும் இடமும் மட்டும்தான். இந்த மலையில் ஓர் ஆங்கிலக் கிராமத்தையே உருவாக்கினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது.

இங்கிலாந்துக்குத் திரும்பிப் போய் ஆட்களைச் சேர்த்தார். அரசாங்கத்திடமிருந்து ஏக்கர் ஒரு பவுண் வீதம் 1,000 ஏக்கர் நிலம் வாங்கினார். 1848 செப்டெம்பரில் ஏர்ல் ஒஃப் ஹார்ட்விக் என்ற கப்பல் புறப்பட்டது. அதில் பண்ணைக் கண்காணி, கொல்லர், வேலையாட்கள், அவர்களுடைய மனைவிமார், வேட்டை நாய்கள், செம்மறிகள், நல்லினக் காளை, பசு, கலப்பைகள், விதைகள் எல்லாம் ஏறின. அதே ஆண்டு ஜூலையில்தான் மாத்தளையிலும் குருணாகலிலும் புதிய வரிகளுக்கு எதிராகச் சனங்கள் கிளர்ந்தெழுந்தார்கள். ஆளுநர் டொரிங்டன் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்துப் பலரைச் சுட்டுக் கொன்றிருந்தார். பேக்கரின் ஆட்கள் கரையிறங்கியது அந்த இரத்தம் காயாத நாட்டில்.

ஆரம்பமே மதுவால் கெட்டது. பேக்கரின் குதிரைக்காரர் பெர்க்ஸ் குடிப்பிரியர். கொழும்பிலிருந்து வண்டியை மலைக்கு ஓட்டிவரச் சொன்னபோது, றம்பொடைக் கணவாயில் வண்டியையும் குதிரைகளையும் பள்ளத்தில் தள்ளிவிட்டார். உடைந்த வண்டியை இழுத்துவர யானை ஒன்றை அனுப்பினால், அந்த மனிதர் போதையில் யானையையும் குதிரை போல மலையில் விரட்டினார். களைத்து விழுந்த யானை இறந்துபோனது. இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த பசுவும் மலை ஏறும் வழியில் செத்தது. இதை எல்லாம் பேக்கரே நகைச்சுவையாக எழுதி வைத்திருக்கிறார். யானையின் கதையும் அவருக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

நிலமும் எளிதில் பணியவில்லை. காடு வெட்டிய மண் பார்க்கக் கறுப்பாக இருந்தாலும் சத்தில்லாமல் இருந்தது. உருளைக்கிழங்கைப் புழு தின்றது. மாடுகளை நோய் அள்ளிக்கொண்டு போனது. பேக்கர் விடவில்லை. பசளை போட்டு மண்ணைத் திருத்தி, மெல்ல மெல்ல ஒரு பண்ணையை நிமிர்த்தினார். இன்று நுவரெலியாவில் விளையும் கோவா, லீக்ஸ், கரட், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் பேசும்போது அவர் பெயரும் வருவதற்கு இதுதான் காரணம்.

அந்தக் குளிரில் என்ன பியர் காய்ச்சியிருக்கலாம்?

பியருக்கு வேண்டியவை நான்கு. முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமை, ஹொப்ஸ் என்ற கசப்பான பூ, ஈஸ்ட், நல்ல தண்ணீர். முளைகட்டிய தானியத்தை வெந்நீரில் ஊறவைத்தால் மாச்சத்து இனிப்பாகிறது. அதை வடித்து, ஹொப்ஸ் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் சேர்த்தால் அது இனிப்பைத் தின்று மதுசாரத்தையும் நுரையையும் கொடுக்கிறது. ஹொப்ஸ் இந்த நாட்டில் விளைவதில்லை. அன்றும் கப்பலில் வந்தது, இன்றும் கப்பலில்தான் வருகிறது.

பியர் வகைகளைப் பிரிப்பது பெரும்பாலும் இரண்டு விடயங்கள்: எந்த ஈஸ்ட், எவ்வளவு வறுத்த தானியம். ஏல் என்ற வகை 15 முதல் 20 பாகை வரையான வெப்பத்தில் சில நாட்களிலேயே புளித்துவிடும். லாகர் என்ற வகைக்கு 10 பாகையை அண்டிய குளிரும், அதன் பிறகு பல வாரங்கள் உறைநிலைக்கு அருகில் வைத்திருக்க இடமும் வேண்டும். குளிரூட்டும் இயந்திரங்கள் 1870களில்தான் பியர் ஆலைகளுக்கு வந்தன. எனவே 1849இல் நுவரெலியாவில் காய்ச்சியது ஏல் வகையாகத்தான் இருந்திருக்க முடியும். அதில் தானியத்தை இளம் நிறத்தில் உலர்த்தினால் பேல் ஏல். கருகும் அளவுக்கு வறுத்துச் சேர்த்தால் கறுப்பு நிறப் போர்ட்டர், அதைவிடக் கனமானது ஸ்டவுட். வெப்ப நாடுகளுக்கு மாதக்கணக்கில் கடலில் போக வேண்டிய பேல் ஏலில் கெடாமல் இருக்க ஹொப்ஸை அதிகமாகப் போட்டார்கள். இந்தியா பேல் ஏல் என்று இன்று உலகம் முழுவதும் பிரபலமாக இருக்கும் கசப்பான பியரின் பெயர் அப்படி வந்தது.

ஒரு சிறிய திருத்தம். தேயிலைத் தோட்டத் துரைமாருக்காகப் பேக்கர் பியர் காய்ச்சினார் என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். 1849இல் இலங்கையில் தேயிலைத் தோட்டத் தொழில் கிடையாது. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை நட்டது 1867இல். பேக்கர் காலத்தில் மலையில் இருந்தது கோப்பி. அந்தக் கோப்பிக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்த கூலிகள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்தார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் பட்டினியிலும் ஆயிரக்கணக்கானோர் வழியிலேயே செத்தார்கள். பேக்கரை இரண்டு வாரத்தில் எழுப்பிய மலைக் குளிர், அதே காய்ச்சலோடு பாதையோரம் கிடந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. துரைமாரின் பியர்க் கோப்பையைப் பற்றி எழுதும்போது தேயிலையா கோப்பியா என்பது சிறிய பிழை போலத் தெரியலாம். ஆனால் அந்தப் பிழையோடு சேர்ந்து நடந்து வந்தவர்களும் மறைந்துவிடுகிறார்கள்.

பேக்கர் போன பிறகு, 1881இல், நுவரெலியாவில் சிலோன் பிறுவறி வணிக ரீதியாகத் தொடங்கியது. லாகரும் ஸ்டவுட்டும் அங்கே நூறு ஆண்டுகளுக்கு மேல் காய்ச்சப்பட்டன. 1990களின் இறுதியில் உற்பத்தி பியகமவில் உள்ள புதிய ஆலைக்கு மாறியது. உலகம் முழுவதும் பியர் பற்றி எழுதிப் புகழ்பெற்ற ஆங்கில எழுத்தாளர் மைக்கல் ஜக்சன், 2007இல் இறந்தவர், இந்த ஸ்டவுட்டைத் தேடி மலைக்கும் கண்டிக்கும் வந்து போனார். பாடகர் அல்ல, அதே பெயருள்ள வேறொருவர். அவர் எழுதிய பிறகுதான் இந்தக் கறுப்புப் பியருக்கு வெளிநாட்டில் பெயர் வந்தது. இன்று அதில் 8.8 வீதம் மதுசாரம். லாகரில் 4.8 வீதம். கறுப்புப் பியரில் வறுத்த தானியத்தால் கோப்பியும் கருப்புச் சொக்லேட்டும் கலந்த மணம். குடிப்பவர்கள் அதைக் குளிரவைக்காமல் மெல்லக் குடித்தால்தான் அந்த மணம் தெரியும் என்கிறார்கள். எங்கள் பக்கம் போத்தலை ஐஸில் புதைத்து ஒரே மூச்சில் முடிப்பதுதான் வழக்கம்.

சட்டியில் பியர், மாவில் கள்ளு

பியரைச் சமையலில் சேர்ப்பது ஐரோப்பாவில் பழைய வழக்கம். பெல்ஜியத்தில் மாட்டிறைச்சியையும் நிறைய வெங்காயத்தையும் பழுப்பு நிறப் பியரில் இட்டு, கடுகு விழுது தடவிய பாண் துண்டை மேலே வைத்து, மணிக்கணக்கில் மெல்லிய தீயில் வேகவைப்பார்கள். பாண் கரைந்து குழம்பு தடிக்கும். ஆங்கிலேயர் ஸ்டவுட்டில் இறைச்சியை வேகவைத்து மாவுறைக்குள் வைத்துச் சுடுவார்கள். ஒரு விதி மட்டும் முக்கியம். ஹொப்ஸ் அதிகமுள்ள கசப்பான பியரை வற்றவைத்தால் கசப்பும் சேர்ந்து வற்றிக் கூடிவிடும். நீண்ட நேரம் வேகவைக்க இனிப்புச் சாயலுள்ள கறுப்புப் பியரே ஏற்றது.

அறுகம்குடாவில் வெளிநாட்டவர்களுக்கு இறால் பொரிக்கும்போது பியர் மா பயன்படுத்துகிறார்கள். ஒரு கோப்பை கோதுமை மாவுக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி அரிசி மா, உப்பு, மிளகு, அதோடு நன்றாகக் குளிர்ந்த லாகர் ஏறத்தாழ ஒரு கோப்பை. அதிகம் கலக்கக் கூடாது. நுரையில் உள்ள காற்று சூடான எண்ணெயில் விரிந்து மாவை இலேசாக்கும். மதுசாரம் தண்ணீரைவிட விரைவாக ஆவியாவதால் மேற்பகுதி சீக்கிரம் மொறுமொறுப்பாகும். இறால் உள்ளே இறுகுவதற்கு முன் எடுத்துவிடலாம்.

ஆனால் வாசகர்களில் பலருக்கு, குறிப்பாகப் பொத்துவிலிலிருந்து கல்முனை வரை உள்ள முஸ்லிம் வாசகர்களுக்கு, தெரிய வேண்டிய ஒன்று உண்டு. சமைத்தால் மதுசாரம் முழுவதும் போய்விடும் என்று ஹோட்டல்காரர்கள் சொல்வது சரியல்ல. அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் அட்டவணைப்படி, குழம்பில் கலந்து 30 நிமிடம் வேகவைத்தால் 35 வீதம் மீதி இருக்கும். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு 25 வீதம். இரண்டரை மணி நேரத்துக்குப் பிறகும் 5 வீதம் இருக்கும். மார்க்கத்துக்காகவோ, குடியை விட்டவர் என்பதற்காகவோ, மருந்து எடுப்பதற்காகவோ தவிர்ப்பவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்வது அவர்களின் உரிமை. உள்ளபடி சொல்வது சமைப்பவரின் கடமை. பியருக்குப் பதிலாகக் குளிர்ந்த சோடாத் தண்ணீர் விட்டாலும் இறால் மா இலேசாகத்தான் வரும்.

எங்களுக்கும் இதில் சொந்த மரபு உண்டு. என் அம்மம்மா அப்பத்துக்கு மா புளிக்கவைத்தது ஈஸ்ட் போட்டு அல்ல, தென்னங்கள்ளு விட்டு. கள்ளில் இயற்கையாக இருக்கும் ஈஸ்ட் அரிசி மாவை ஓர் இரவில் பொங்கவைக்கும். கள்ளு இன்னும் புளித்தால் வினாகிரி. அந்த வினாகிரி இல்லாமல் எங்கள் கரையோர முஸ்லிம் வீடுகளின் அச்சாறும் இல்லை. பியரும் கள்ளும் மதுசார அளவில் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்துக்குப் பிறகு, அனுமதிப் பத்திரம் இல்லாமல் தன் மரத்தில் கள்ளு இறக்குபவர் குற்றவாளி. ஆலையில் காய்ச்சுபவர் தொழிலதிபர். அந்த வேறுபாடு இன்னும் இருக்கிறது.

மனைவியின் மரணமும் அடிமைச் சந்தையும்

பேக்கர் இலங்கையில் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் இருந்தார். இலங்கை பற்றி இரண்டு நூல்கள் எழுதினார். மீண்டும் மீண்டும் வந்த காய்ச்சலால் 1855இல் குடும்பத்தோடு ஊர் திரும்பினார். அதே ஆண்டு டிசெம்பரில் பிரான்ஸின் பிரெனீஸ் மலைப் பகுதியில் ஹென்ரியெட்டா காய்ச்சலில் இறந்தார். பெற்ற ஏழு பிள்ளைகளில் உயிரோடு இருந்த நான்கு மகள்களைத் தன் சகோதரியிடம் விட்டுவிட்டு பேக்கர் அலையத் தொடங்கினார்.

1859 தொடக்கத்தில், பஞ்சாபின் ஆட்சியை இழந்து இங்கிலாந்தில் வாழ்ந்த மகாராஜா துலீப் சிங்குடன் டான்யூப் ஆற்றில் பயணம் செய்தபோது, ஒட்டோமன் ஆட்சியில் இருந்த விடின் நகரின் அடிமைச் சந்தையில் ஒரு பதினேழு வயதுப் பெண்ணைக் கண்டார். ஹங்கேரியில் 1848, 1849 ஆண்டுகளின் போரில் குடும்பத்தை இழந்த சிறுமி. அகதிகளோடு வந்து, கைமாறி, விற்பனைக்கு நிறுத்தப்பட்டிருந்தாள். ஏலத்தில் தோற்ற பேக்கர் காவலர்களுக்குப் பணம் கொடுத்து அவளைக் கூட்டிக்கொண்டு ஓடினார் என்று வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. அவள்தான் புளோரன்ஸ். பின்னர் அவர் மனைவி. பேக்கரின் வாழ்க்கையில் எங்கள் சனங்களுக்கு மிக நெருக்கமான மனிதர் புளோரன்ஸ்தான். போர் ஒரு குழந்தையை எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பதற்கு அவருடைய வாழ்க்கையே சாட்சி.

இருவரும் 1861இல் நைல் நதியின் மூலத்தைத் தேடிப் புறப்பட்டார்கள். சூடானில் சோளத்தை முளைகட்டி அரைத்துப் புளிக்கவைக்கும் மெரிசா என்ற பியரைக் கண்டார்கள். வாற்கோதுமையும் ஹொப்ஸும் இல்லாமலே, ஐரோப்பியர் வருவதற்கு வெகுகாலம் முன்னரே, ஆபிரிக்கா தன் தானியத்தில் பியர் காய்ச்சிக்கொண்டிருந்தது. 1864 மார்ச் 14ஆம் திகதி, வெயில் தாக்கி நாட்கணக்கில் நினைவிழந்து கிடந்து மீண்டிருந்த புளோரன்ஸோடு பேக்கர் ஒரு பேரேரியின் கரையை அடைந்தார். அந்த ஏரிக்கும் அதன் கரையில் வாழ்ந்த மக்கள் வைத்த பெயர் இருந்தது. அவர் விக்டோரியா மகாராணியின் இறந்த கணவர் அல்பேர்ட்டின் பெயரை வைத்தார்.

திரும்பும் வழியில் புன்யோரோ அரசில் மாதக்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். மருந்து முடிந்து, காய்ச்சல் விடவில்லை. அங்கே பேக்கர் பானையும் கேத்தலும் பொருத்தி வற்றாளைக்கிழங்கில் சாராயம் வடித்தார். சூடான தண்ணீரில் கலந்து தினமும் குடித்துக் காய்ச்சல் நின்றது என்று நம்பினார். அரசர் கம்ராசிக்கும் அதில் ஆசை வந்தது. மதுசாரம் மலேரியாவைக் குணப்படுத்தாது. நல்ல உணவும் ஓய்வும் கிடைத்ததே காரணமாக இருக்கலாம்.

1865இல் ஊர் திரும்பித் திருமணம் செய்தார்கள். 1866இல் அவருக்குச் சேர் பட்டம் கிடைத்தது. புளோரன்ஸை மகாராணி அரண்மனைக்குள் ஏற்கவில்லை. திருமணத்துக்கு முன்னர் சேர்ந்து வாழ்ந்தவர் என்பது காரணம். அடிமைச் சந்தையில் நின்றவரிடம் கேட்கப்பட்ட ஒழுக்கம் அது.

மசிண்டியின் வாழைப்பழ மது

1869இல் எகிப்தின் கெதிவ் இஸ்மாயில், ஆண்டுக்கு 10,000 பவுண் சம்பளத்தில் பேக்கரைத் தெற்கு சூடானின் ஆளுநராக்கினார். வேலை இரண்டு: அடிமை வணிகத்தை ஒழிப்பது, அந்த நிலத்தை எகிப்தோடு இணைப்பது. அடிமைத் தோட்டங்களில் வளர்ந்த குடும்பத்தின் மகன் அடிமைப் படகுகளை மறித்து ஆட்களை விடுவித்தார். அது உண்மை. இன்றைய வடக்கு உகண்டாவின் அச்சோலி மக்களிடையே அவருக்கு நல்ல பெயர் இருந்ததும் உண்மை.

1872 மே மாதம் புன்யோரோவின் தலைநகர் மசிண்டியில், கம்ராசியின் மகனான இளம் அரசர் கபரேகாவின் முன்னாலேயே, அந்த நாடு எகிப்துக்குச் சொந்தம் என்று பேக்கர் பிரகடனம் செய்தார். யாரையும் கேட்கவில்லை. ஜூன் 7ஆம் திகதி அவருடைய படையினருக்கு வாழைப்பழ மது நிறைந்த பானைகள் வந்தன. குடித்தவர்கள் சுருண்டு விழுந்தார்கள். மதுவில் நஞ்சு. பேக்கர் வாந்தி எடுக்கவைக்கும் மருந்து கொடுத்துப் பலரைக் காப்பாற்றினார். மறுநாள் காலை தாக்குதல் தொடங்கியது. அன்று அவருடைய 51ஆவது பிறந்த நாள். பேக்கரின் படை நவீனத் துப்பாக்கிகளால் சுட்டு, நகரத்துக்குத் தீ வைத்தது. வைக்கோலால் வேய்ந்த வீடுகள் சில மணி நேரத்தில் சாம்பலாகின. சில நாட்களின் பின் அவரும் அங்கிருந்து பின்வாங்க வேண்டியிருந்தது.

அவருடைய நூலில் இது துரோகத்துக்குக் கொடுத்த பதிலடி. புன்யோரோ மக்களின் நினைவில் இது, தங்கள் நாட்டைப் பறிக்க வந்தவர் தலைநகரை எரித்த நாள். கபரேகா பின்னர் பிரித்தானியரை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் போரிட்டு, 1899இல் பிடிபட்டு, சீஷெல்ஸ் தீவுக்கு நாடுகடத்தப்பட்டார். ஊர் திரும்பும் வழியில் 1923இல் இறந்தார். அடிமைகளை விடுவிக்க வந்தேன் என்பதும் ஊரை எரித்தேன் என்பதும் ஒரே மனிதரின் ஒரே பயணத்தில் நடந்தவை. மக்களை மீட்கிறோம் என்று சொல்லி வந்தவர்கள் எரித்த ஊர்களில் இருந்து வந்தவர்களுக்கு இதில் முரண்பாடு எதுவும் தெரியாது.

போத்தலில் எழுதாதவை

பேக்கர் 1873இல் பணியை முடித்தார். இங்கிலாந்தின் டெவனில் பெரிய வீடு வாங்கி, வேட்டைக்காக இந்தியாவுக்கும் யப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் போய் வந்தார். 1893 டிசெம்பர் 30ஆம் திகதி, 72ஆவது வயதில், அந்த வீட்டில் இறந்தார்.

நான் குடிக்கு எதிராகப் பிரசாரம் செய்ய இதை எழுதவில்லை. நல்ல பியரைச் சுவைத்துக் குடிப்பவர்கள் எனக்கு நண்பர்களாக இருக்கிறார்கள். ஆனால் போருக்குப் பிறகு எங்கள் கிராமங்களில் மதுபானசாலைகளுக்கு எதிராகப் பெண்கள் தெருவில் இருந்ததைச் செய்தியாக எழுதியிருக்கிறேன். கணவன் காணாமல் போன வீட்டில் மகனும் கசிப்பில் கரைவதைப் பார்த்த தாய்மாரிடம் பேசியிருக்கிறேன். மதுபான அனுமதிப் பத்திரங்கள் யாருக்குப் போயின என்ற பட்டியல் 2024 டிசெம்பரில் பாராளுமன்றத்தில் வைக்கப்பட்டபோது, வடக்கு கிழக்கில் அதை எல்லோரும் தேடி வாசித்தார்கள். எங்களுக்கு மது என்பது சுவை மட்டும் அல்ல. அனுமதி யார் கையில், இலாபம் யாருக்கு, இழப்பு யாருக்கு என்ற கேள்வியும் அதில் உண்டு. அந்தக் கேள்வி துரைமார் பியர் குடித்த மலையிலும், தீ வைத்த மசிண்டியிலும் இருந்தது.

புளோரன்ஸ் கணவருக்குப் பிறகு 22 ஆண்டுகள் அதே வீட்டில் வாழ்ந்து 1916இல் இறந்தார். அப்போது ஐரோப்பா முழுவதும் மீண்டும் போர். அவர் பிறந்த நாடும் அவர் வாழ்ந்த நாடும் எதிரெதிர் அணிகளில் நின்றன. வூஸ்டருக்கு அருகே கிரிம்லி என்ற கிராமத்தில் பேக்கரின் சாம்பல் வைக்கப்பட்ட இடத்திலேயே அவரையும் அடக்கினார்கள்.